செங்கல் மேல் நின்ற ஆம்புலன்ஸ்

ஜூன் 6

அன்புள்ள விசிலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணனுக்கு இருமல் குறைந்திருக்கிறது, முழங்கால் வலிதான் போகவில்லை. உன் தொண்டை எப்படி இருக்கிறது? பதினான்கு வருஷம் பேருந்தில் கண்டக்டராக விசில் ஊதி, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்திய தொண்டை அது. சட்டசபையில் மைக் இருக்கிறது. அதை நம்பிக் கொஞ்சம் மெல்லப் பேசு.

பள்ளிக்கூடக் கழிவறைகளைப் பற்றி நீ கேட்ட கேள்வி நான்கு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. உன் அண்ணன் நான்கையும் வாங்கினார். அரசு வண்டி ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு உட்கார்ந்து கத்தரித்து, பழைய காலண்டரில் பசை தடவி ஒட்டினார். "பாருடி, என் தங்கச்சி எப்படிக் கேட்டிருக்கா! 'கதவே இல்லாத அறையைக் கழிவறை என்று எழுதிக்கொண்டு போனது யார்?' மந்திரி மூஞ்சியில ஈயாடலையாமே!" என்று மூன்று தடவை வாசித்துக் காட்டினார்.

அந்த வரியை நான் மே மாதம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பழைய எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். அதை அவரிடம் சொன்னேன். "எழுதறது யாரு வேணா எழுதலாம். எழுந்து நின்னு கேக்கணுமே" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவருக்கு எழுதிய கடிதங்களையே உன்னை விட்டுத்தான் படிக்கச் சொன்ன ஆள் அவர். சரி, அது கிடக்கட்டும்.

அடுத்த கேள்வி தயார். எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று ஆம்புலன்ஸ். மூன்றாவது வண்டி இஞ்சின் போய், ஒன்பது மாதமாக ஷெட்டில் செங்கல் மேல் நிற்கிறது. புது இஞ்சின் கேட்டு நான் டைப் அடித்த கடிதங்கள் மட்டும் பதினொன்று. போன வாரம் சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைக் காய்கறி வண்டியில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே கிடத்திக் கொண்டுவந்தார்கள். இறக்கியபோது அவர் சட்டைப்பையில் முட்டைக்கோஸ் இலை இருந்தது. அந்த மனுஷர் பிழைத்தது அவர் நல்ல நேரம்.

கேள்வி இது: (அ) எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை ஆம்புலன்ஸ்கள் உள்ளன? (ஆ) அவற்றில் ஓடுபவை எத்தனை? (இ) ஓடாதவை எவ்வளவு காலமாக, என்ன காரணத்தால் ஓடவில்லை?

துணைக் கேள்வியைப் பிறகு அனுப்புகிறேன். அதுதான் உயிர். முதல் பதிலை மந்திரி எழுதிவைத்துப் படிப்பார். நீ மறுபடி எழுந்து கேட்பதற்கு அவர் கையில் தாள் இருக்காது. ஆனால் பதில் உனக்கே தெரியாத எதையும் சபையில் கேட்டுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தொண்டைக்கு உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கிறேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது? கண்ணாடியை மாற்றச் சொல்லி டாக்டர் சொன்னாரே, மாற்றினீர்களா? அண்ணனை ஏணியில் ஏறவிடாதீர்கள்.

உறுப்பினர் விடுதியில் எனக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. மேசைக்கு ஒரு கால் குட்டை. சபை விதிகள் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருக்கிறேன். இங்கே வந்தபிறகு அந்தப் புத்தகம் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

கேள்வியைக் கொடுத்துவிட்டேன். எல்லோருடைய கேள்விச் சீட்டுகளையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். முதல் ஐந்துக்குள் வந்தால்தான் மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அச்சடித்த காகிதத்தோடு சரி. நம்முடையது மூன்றாவது! ஜூலை 9 அன்று வருகிறது. சீட்டு எடுத்ததும் நான் போட்ட சத்தத்தில் கேள்விப் பிரிவு எழுத்தர், "அம்மா, பஸ் ஸ்டாண்ட் இல்லம்மா இது" என்றார்.

எதையும் டெலிபோனில் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி ஆபரேட்டர் காது யாருடைய காது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாளில் தபால் வந்துவிடுகிறது, எழுதுங்கள்.

22ஆம் தேதி நம் ஊரில், என்னைத் தேர்தலில் நிறுத்திய சங்கத்துக்காரர்கள் எனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். மேடையில் என்ன பேசுவது? ஒரு பக்கம் எழுதி வையுங்கள் அண்ணி. காலையில் வந்து மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

உங்கள் அன்பு நாத்தனார்,
விசில்


ஜூன் 25

விசிலுக்கு,

நலம். நீயும் நலமாகத் தலைநகர் போய்ச் சேர்ந்திருப்பாய்.

கூட்டம் நன்றாக நடந்தது. நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை அருமையாகப் பேசினாய். கடைசியில் நன்றி சொன்ன பகுதி மட்டும் நான் எழுதாதது. சங்கத் தலைவருக்கு நன்றி. சுவரொட்டி ஒட்டியவர்களுக்கு நன்றி. "என் முதுகெலும்பு என் அண்ணன்" என்றாய், அவர் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். மைக் செட்காரருக்கும் நன்றி சொன்னாய். நான் மூன்றாவது வரிசையில் உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "பை பிடிக்கிறவ" என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் பெண் வேட்பாளர் வேண்டும் என்று நம் வீட்டுக்கு வந்தது என்னைக் கேட்பதற்காக. அவர்களுடைய மனுக்களை எல்லாம் எழுதிக் கொடுத்தது நான். உன் அண்ணன் "நமக்கு எதுக்குங்க இந்த வேலை, இருக்கிற வேலையை விட்டுட்டு?" என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த நீ தட்டைக் கீழே வைப்பதற்குள் "அப்ப நான் நிக்கிறேன்" என்றாய். 'நமக்கு எதுக்கு' என்றவர் அப்புறம் நாற்பது நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உனக்குக் கொடி கட்டினார். ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லை, வெயில் அதிகம், தூக்கம் சரியில்லை.

கைப்பையிலிருந்து விழுந்த உன் சீப்பு இங்கேயே விட்டுப்போயிருக்கிறது. அனுப்பி வைக்கிறேன்.

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபம் புரிகிறது. உங்கள் பெயரைச் சொல்ல எனக்கென்ன கசப்பா? நீங்கள் அரசாங்க ஊழியர். ஆஸ்பத்திரிச் செய்தியை வெளியே கொடுப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் மறுநாளே உங்கள் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள். உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். வேறு ஒன்றும் இல்லை. சத்தியம்.

வெயிலில் அலையாதீர்கள். தூக்கத்துக்கு மாத்திரை மட்டும் பழகிக்கொள்ள வேண்டாம்.

ஒன்பதாம் தேதி நெருங்குகிறது. துணைக் கேள்வி இன்னும் வரவில்லை. செங்கல் மேல் நிற்கிற வண்டி அப்படியேதானே இருக்கிறது? ஏதாவது மாறியிருந்தால் உடனே எழுதுங்கள். இந்தச் சுகாதார மந்திரி பொல்லாத ஆள், போன வாரம் ஒரு புது உறுப்பினரின் மூக்கைச் சபை நடுவிலேயே உடைத்தார். எனக்கு இங்கே உங்கள் கடிதத்தைத் தவிர வேறு கண் கிடையாது.

உங்கள்
விசில்


ஜூலை 4

(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

விசிலுக்கு,

அவசரம். கவனமாகப் படி.

உன் கேள்வியின் நகல் இங்கே வந்ததிலிருந்து எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்கள். சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "ஒன்பதாம் தேதி மூணு வண்டியும் ஓடணும். எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்று பெரிய டாக்டரிடம் சொன்னார். இன்று காலை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் ஒரே ஆம்புலன்ஸிலிருந்து இஞ்சினைக் கழற்றிக்கொண்டுவந்து நம் மூன்றாவது வண்டியில் மாட்டிவிட்டார்கள். மாட்டியது யார் தெரியுமா? உன் அண்ணன். மேலிடத்து உத்தரவு, அவர் என்ன செய்வார்? வண்டியைச் சுற்றி நின்று போட்டோவும் எடுத்தார்கள். உன் கேள்வி முடிந்ததும் இஞ்சின் திரும்பப் போய்விடும்.

வாகனப் பதிவேட்டில் இன்றைய தேதியிட்டு நானே எழுதியிருக்கிறேன். கழற்றிய இடம், மாட்டிய இடம், இஞ்சின் எண், யார் உத்தரவு எல்லாம் இருக்கிறது. என்ன எழுதுகிறேன் என்றுகூடப் பார்க்காமல் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

'மூன்றும் ஓடுகின்றன' என்றுதான் பதில் வரும். நீ மறுக்காதே, சிரி. எழுந்து இதைக் கேள்: "இன்று ஓடுகிற அந்த மூன்றாவது வண்டியில் இருக்கும் இஞ்சின் எந்த ஊர் வண்டியுடையது? அந்த ஊர் நோயாளிகளை இன்று எதில் ஏற்றுகிறார்கள்?" மந்திரி அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

"எழுதிட்டியா அவளுக்கு?" என்று உன் அண்ணன் சமையலறை வாசலில் நின்று கேட்கிறார். "எழுதிட்டேன்" என்றேன்.

நாளை மறுநாள் உன் கைக்குக் கிடைக்கும். பத்தாம் தேதி மறுபடி நான்கு பத்திரிகை. மறுபடி காலண்டர், மறுபடி பசை. இப்போதே எனக்கு வயிறு எரிகிறது விசில்,


ஜூலை 5

விசிலுக்கு,

நலம். உன் அண்ணனுக்கு முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, வேறு வாங்கினோம். சீப்பைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன்.

துணைக் கேள்வி உனக்கே தோன்றும், இத்தனை நாள் பழகிவிட்டாயே. இங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

அண்ணி


ஜூலை 10

அண்ணி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட இன்று கை வரவில்லை. பத்திரிகை பார்த்திருப்பீர்கள்.

சபை கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பதில் தாளைக் கொடுத்தார்கள். 'மூன்று. மூன்றும் ஓடுகின்றன. கேள்வியின் மூன்றாம் பகுதிக்கு இடமில்லை.' எனக்குச் சிரிப்பு வந்தது, பச்சைப் பொய் என்று நினைத்தேன். இங்கே புதிதாக ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பி எழுந்தேன். "மூன்றாவது வண்டி செங்கல் மேல் நிற்கிறது. ஓடுகிறது என்று மந்திரி நிரூபித்தால், இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள் நான் பதவியை விட்டு விலகுகிறேன்" என்றேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. என் வாய் இருக்கிறதே, அதுதான்.

மந்திரி போட்டோக்களை எடுத்து நீட்டினார். ரோட்டில் வண்டி, பக்கத்தில் பெரிய டாக்டர், பின்பக்கம் ஜூலை நான்கு என்று தேதி. "உறுப்பினர் எப்பவாவது சொந்த ஊருக்கும் போய் வரணும். பஸ்ஸுல போற வழி அவங்களுக்கு நல்லாத் தெரியுமே" என்றார். சபை முழுக்கச் சிரித்தது அண்ணி. எங்கள் பக்கத்து வரிசையும் சிரித்தது. பதினான்கு வருஷத்தில் எந்தக் குடிகாரப் பயணியும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை. கூட்டத்தொடர் முடிகிற 31ஆம் தேதிக்குள் சொன்ன சொல்லைக் காப்பாற்றும்படி சபாநாயகர் குறிப்பில் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. "உங்க அண்ணிதான் எழுதிட்டாளே, நீ படிக்கலையா?" என்றார், அதற்குள் லைன் போய்விட்டது. எந்தக் கடிதம்? என் மேசையில் ஐந்தாம் தேதிக் கடிதமும் சீப்பும்தான் இருக்கின்றன.

உடனே பதில் போடுங்கள்.

விசில்


ஜூலை 18

அன்புள்ள விசிலுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். கண் வலி. நீ சரியாகச் சாப்பிடு, தூங்கு.

நான்காம் தேதி ஒரு கடிதம் எழுதினேன். வண்டியைச் சரிசெய்துவிட்டார்கள் என்று அதில் சொல்லியிருந்தேன். தபாலில் எங்கோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது. ஐந்தாம் தேதி எழுதும்போது அதையே மறுபடி எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். உன் அண்ணன் பதினொன்றாம் தேதியிலிருந்து பக்கத்து ஊர் ஒர்க்ஷாப்பில் வேலையாக இருக்கிறார், இன்னும் வரவில்லை. அங்கே டெலிபோன் கிடையாது.

நடந்தது நடந்துவிட்டது. மனதைத் தேற்றிக்கொள்.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

கண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் வேலையாகக் கண்ணாடியை மாற்றுங்கள்.

உங்கள் கடிதம் வரும்வரை நெஞ்சில் ஒரு முள் இருந்தது. உங்கள்மேலேயே சந்தேகம் வந்தது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. தபாலில் தொலைந்தது என்று தெரிந்ததும் பாரம் இறங்கியது. தபால் துறை மேலேயே ஒரு கேள்வி போடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கு நான் உறுப்பினராக இருந்தால்தானே!

வண்டி சரியாகிவிட்டது என்றால் நான் சொன்னது தவறு. விலக வேண்டியதுதான். மழுப்பிக்கொண்டு இருந்துவிடச் சிலர் யோசனை சொல்கிறார்கள். டிக்கெட் வாங்காதவர்களை நடுரோட்டில் இறக்கிவிட்டவள் நான், எனக்கு மட்டும் வேறு விதியா?

சங்கச் செயலாளர் இங்கே வந்திருந்தார். அடுத்த தேர்தலுக்கு உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்றார். நீங்கள் சொல்லவில்லையே! நில்லுங்கள் அண்ணி. முதலில் உங்களைத்தானே கேட்டார்கள்.

ஒரே ஒரு உதவி. விலகல் கடிதத்தை எழுத நான்கு நாளாக உட்கார்கிறேன். ஒரு வரி உருப்படியாக வரவில்லை. எப்போதும்போல நீங்களே எழுதி அனுப்புங்கள். நான் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
விசில்


ஜூலை 25

விசிலுக்கு,

நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் விலகல் கடிதத்தை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். நான் இதுவரை எழுதியதிலேயே நல்லது அதுதான். சமையலறை மேசையில் கையை ஊன்றி நின்றுகொண்டு, சபையில் நிற்பதாக நினைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பாதியில் வாசலில் நிழல் தெரிந்தது. உன் அண்ணன் பையோடு நிற்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். "யாரு எழுதினது?" என்றார். "நான்தான்" என்றேன். "ரொம்ப நல்லா இருக்குடி" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய ஒன்றை அவர் முழுசாகக் கேட்டது அன்றுதான். அது அவர் தங்கச்சியை ஒழித்துக்கட்டும் கடிதம்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "இஞ்சினைப் பத்தித்தான் அவளுக்கு எழுதினியே, அவ ஏன் விலகணும்?" என்றார். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து நான்காம் தேதிக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நீ படிப்பதற்கு இத்தோடு வைத்திருக்கிறேன். அது தபாலில் தொலையவில்லை, தபாலைத் திட்டாதே. வண்டியும் சரியாகவில்லை. பதினொன்றாம் தேதியே இஞ்சின் திரும்பப் போய்விட்டது. ஷெட் கதவைச் சாத்திவைத்திருக்கிறார்கள், உள்ளே பழைய செங்கல் மேல்தான் நிற்கிறது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. உன் குரலைப் பார்த்துப் பொறாமை. நீ யோசிக்காமல் எழுந்து நிற்பதைப் பார்த்துப் பொறாமை. அந்தக் காலண்டரைப் பார்த்துப் பொறாமை. நீ கொஞ்சம் குட்டுப் படட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று நினைத்தேன். பதவியே போகும் என்று அன்று நினைக்கவில்லை. ஆனால் போகப்போகிறது என்று தெரிந்தபிறகும் பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன சொல்வது? சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டபோது நான் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

உன் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "அந்த ஏழு நாளும் அந்த ஊர்ல வண்டியே இல்லடி. ஒரு பொண்ணு பஸ்ஸுல போறப்ப, பஸ்ஸுலயே பெத்தா. ரெண்டு உசுரும் தப்பிச்சது. அந்தக் கண்டக்டரம்மாதான் பாத்துக்கிட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் வைத்திருக்கிறேன். இஞ்சினை மாற்றியது தான்தான் என்றும், யார் சொல்லி மாற்றினார் என்றும் உன் அண்ணன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நிறையப் பிழை இருக்கிறது, நான் திருத்தவில்லை. விலகல் கடிதமும் இருக்கிறது. உனக்கு எது வேண்டுமோ அதைச் சபையில் படி.

சங்கத்துக்காரர்களிடம் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே. நான் அங்கே போனால் நானும் யாரோ ஒருத்தியின் கடிதத்தை நம்பித்தான் எழுந்து நிற்க வேண்டும். அவள் என்னைப் போல இருந்துவிட்டால் என்ன செய்வேன்?

தகவல் கொடுத்தது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். உண்மையைச் சொன்னால், நீ சொல்ல வேண்டும் என்று ஆசையாகக்கூட இருக்கிறது.

அண்ணி


ஜூலை 31

அண்ணிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று நாளாகச் சோறு மட்டும் இறங்கவில்லை.

உறையைப் பிரித்துப் படித்த அன்று உங்கள் சீப்பை ஜன்னல் வழியாக வீசினேன். என் சீப்புத்தான், ஆனால் நீங்கள் அனுப்பியது. இனி உங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்று நினைத்தேன். அப்புறம் நான்காம் தேதிக் கடிதத்தை மறுபடி படித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. அந்தத் துணைக் கேள்வியை நான் பத்து ஜென்மம் எடுத்தாலும் எழுதமாட்டேன். உங்கள்மேல் அத்தனை கோபத்திலும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

நேற்று தன்னிலை விளக்கம் கொடுக்க எழுந்தேன். விலகப்போகிறேன் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மந்திரி பேனாவைக்கூட மூடி வைத்துவிட்டார். நான் உங்கள் கேள்வியைக் கேட்டேன். 'இன்று' என்பதை மட்டும் 'அன்று' என்று மாற்றினேன், என் சொந்தச் சரக்கு அவ்வளவுதான். "ஜூலை ஒன்பது அன்று ஓடிய மூன்றாவது வண்டியில் இருந்த இஞ்சின் எந்த ஊர் வண்டியுடையது? அந்த ஊர் நோயாளிகளை அன்று எதில் ஏற்றினார்கள்?" இஞ்சின் எண்ணைப் படித்தேன். பஸ்ஸில் பிறந்த குழந்தையைப் பற்றிச் சொன்னேன். எதிர்வரிசையில் ஒருவர் இருமினார், அந்தச் சத்தம் சபை முழுக்கக் கேட்டது. நம் மூன்றாவது வண்டிக்குப் புது இஞ்சின் பதினைந்து நாளில் வருகிறது என்று சபாநாயகர் முன்னால் எழுதி வாங்கியாகிவிட்டது. விசாரணை உண்டு. அண்ணனைக் கூப்பிடுவார்கள். உத்தரவு போட்டவர்களைத்தான் முதலில் பிடிப்போம் என்று சபையில் எங்கள் அணித் தலைவர் சொல்லியிருக்கிறார், பயப்பட வேண்டாம்.

கடைசியில் மந்திரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இந்தக் கேள்வியை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது யாரு?" என்று கத்தினார். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் கடிதம் என் கையில்தான் இருந்தது. சொல்லிவிடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'என் அண்ணி', அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"நானேதான்" என்றேன். மேசையைத் தட்டினார்கள் அண்ணி. எதிர்வரிசையிலும் இரண்டு பேர் தட்டினார்கள்.

உங்கள் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதிவிடலாம். ஜூன் மாதம் அப்படித்தான் எழுதினேன், சத்தியம்கூடச் செய்தேன். அன்றைக்கும் அது பொய், இன்றைக்கும் பொய். உங்கள் பெயரைச் சொன்னால் எல்லோரும் உங்களைத் தேடி வந்துவிடுவார்கள். வரிகள் உங்களுடையது, விவரம் உங்களுடையது, அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? சத்தம் மட்டும்தான். உங்களுக்கு என்மேல் மூன்று வருஷமாகப் பொறாமை என்றால் எனக்கு உங்கள்மேல் நீங்கள் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. அண்ணன் கொடுத்த உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டும்போதே எனக்கு எரிந்தது.

நீங்கள் ஒரு கடிதத்தைத்தான் மறைத்தீர்கள். நான் உங்களையே மறைத்துவிட்டேன், நேற்று இரண்டாவது தடவையாக.

மன்னிப்புப் பேச்சை நாம் இரண்டு பேரும் கொஞ்ச நாள் தள்ளி வைப்போம். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறப்பது நீங்களாக இருக்க வேண்டும் அண்ணி. அண்ணன் திறந்தால் பெருமையாகச் சிரிப்பார், அதை இப்போது என்னால் பார்க்க முடியாது.

விசில்